உடைந்த வாக்குறுதி: ருக்மணி தேவியின் வாழ்வும் மலையகத்தின் கேள்வியும்

இலங்கையின் நவீன வரலாற்றில் 1947ஆம் ஆண்டு பல தொடக்கங்களின் ஆண்டு. அவ்வாண்டு ஜனவரி 21ஆம் திகதி முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொரொந்துவ' திரைக்கு வந்தது. அதன் கதாநாயகியாக நடித்துப் பாடியவர், மலையகத்து இறம்பொடையில் ராசம்மா என்ற பெயரைத் தாங்கிப் பிறந்த ஒரு பெண். அதே ஆண்டு ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் முதலாவது பாராளுமன்றத்துக்கான பொதுத்தேர்தல் நடைபெற்றது. ஊவாவின் தேயிலை மலைகளில் உழைத்த மக்கள் தமது வாக்குகளால் இலங்கை இந்திய காங்கிரஸைச் சேர்ந்த எஸ்.எம். சுப்பையாவைப் பதுளையிலிருந்து பாராளுமன்றத்துக்கு அனுப்பினர்.

இவ்விரு நிகழ்வுகளையும் ஒரே பக்கத்தில் வைத்து எவரும் எழுதுவதில்லை. ஒன்று கலை வரலாற்றுக்கு உரியது, மற்றையது அரசியல் வரலாற்றுக்கு உரியது என நாம் பிரித்து வைத்துவிட்டோம். ஆயினும் பதுளையில் இருந்துகொண்டு ருக்மணி தேவியின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும் ஒருவருக்கு இவ்விரண்டையும் பிரிப்பது எளிதன்று. அந்தத் திரைப்படத்தின் பெயருக்கு உடைந்த வாக்குறுதி என்பது பொருள். படம் வெளியாகி இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் மலையகத் தமிழர்களுக்கு இந்நாடு எதனைச் செய்தது என்பதை அறிந்தவர்கள், அந்தப் பெயரைச் சற்று நின்றுதான் வாசிப்பார்கள்.

டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்பது அவருடைய இயற்பெயர். 1923ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி, நுவரெலியா மாவட்டத்தின் இறம்பொடையில் ஜோன் அலெக்சாண்டர் டானியல்ஸ், ஹெலன் ரோஸ் தம்பதியரின் மகளாகப் பிறந்தார். நீர்வீழ்ச்சியும் தேயிலையும் சூழ்ந்த அந்தக் கணவாய்ப் பகுதி, ஊவாவின் மலைகளிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. ஆனால் அவருடைய குடும்பம் தோட்டத் தொழிலாளர் குடும்பம் அன்று. அவர்கள் கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்தவர்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் தென்னிந்தியாவிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து, கொழும்பிலும் மேற்குக் கரையோரத்திலும் குடியேறி, பெரும்பாலும் கிறிஸ்தவர்களாகிய சமூகம் அது. 1859இல் 'தமிழ் புளூட்டாக்' என்ற நூலை எழுதித் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை உலகறியச் செய்த சைமன் காசிச்செட்டி அதே சமூகத்தின் மைந்தர் என்பதை இலக்கிய மாணவர்கள் அறிவர். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளுக்கிடையே புழங்கியவர்கள் அவர்கள்.

இந்த வேறுபாட்டை மறைத்து எழுதுவது வரலாற்றுக்கு நாம் செய்யும் துரோகமாகும். கொழும்புச் செட்டிகளும் தோட்டத் தமிழரும் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களே. முந்தியோர் வணிகர்களாகக் கப்பலேறினர். பிந்தியோர் கங்காணியின் கடன் துண்டோடு மன்னார்க் காட்டு வழியே நடந்து வந்தனர். முந்தியோரை இந்நாடு தன்னவர்களாக ஏற்றுக்கொண்டது. பிந்தியோரைத் தேயிலைக்கு வேண்டியவர்களாக மட்டும் வைத்துக்கொண்டது.

குடும்பம் கொழும்புக்கு இடம்பெயர்ந்த பின்னர், ஏழு வயதுச் சிறுமியாக ஒரு நத்தார் நாடகத்தில் மேடையேறியதே ருக்மணியின் கலைவாழ்வின் தொடக்கம். குரல் வளம் அப்போதே பிறர் கவனத்தை ஈர்த்தது. பன்னிரண்டு வயதளவில் 'சிறிசங்கபோ' நாடகத்தில் நடித்தார். 1936இல் 'ராமாயணய' நாடகத்தில் சீதையாக மேடையேறினார்.

அவர் கால்வைத்த அந்தச் சிங்கள மேடை எத்தகையது என்பதைக் கூறாமல் அப்பால் செல்ல முடியாது. பம்பாயைச் சேர்ந்த பார்சி நாடகக் குழுக்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கொழும்புக்கு வந்து நாடகங்களை நடத்தின. திரைச்சீலை, ஓவியக் காட்சிகள், ஆர்மோனியம், வட இந்திய மெட்டுகள் என்பவற்றோடு அவை காட்டிய புதுமை, 'நூர்த்தி' எனப்படும் சிங்கள இசை நாடக வடிவத்துக்கு வித்திட்டது. ஜோன் டி சில்வா போன்றோர் அதனை வளர்த்தனர். 1911இல் மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபம் அதன் தலைமைக் கோயிலாயிற்று. அதே பார்சி மேடையின் செல்வாக்குத் தமிழகத்திலும் பரவி, சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துக் கம்பெனி நாடகங்களின் மேடை அமைப்பிலும் இசையிலும் கலந்தது. ஆக, மருதானையில் சிங்களவர் கேட்டு மகிழ்ந்த மெட்டும் மதுரையில் தமிழர் கேட்டு மகிழ்ந்த மெட்டும் ஒரே ஊற்றில் நீர் குடித்தவை. தமிழ் வேர் கொண்ட ஒரு பெண் சிங்கள மேடையில் சிரமமின்றிப் பாட முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

சீதையின் வேடம் அவருக்குக் கிடைத்தது ஊவா மக்களுக்குத் தனிப்பொருள் தரக்கூடியது. எல்லவில் இராவணன் பெயரால் ஒரு நீர்வீழ்ச்சியும் குகையும் உண்டு. வெலிமடைப் பக்கத்தில் உள்ள திவுரும்பொலவில்தான் சீதை தன் தூய்மையை மெய்ப்பிக்கத் தீக்குளித்தாள் என்பது மக்கள் நம்பிக்கை. அவ்வூரின் பெயருக்குச் சத்தியம் செய்த இடம் என்று பொருள். குற்றம் செய்யாத ஒருத்தி, தான் யாருக்கு உரியவள் என்பதைப் பலர் முன்னிலையில் நிரூபிக்க வேண்டியிருந்த கதை அது. அந்தக் கதையை மலையகம் நம்பிக்கையாக மட்டுமன்றி வாழ்க்கையாகவும் அனுபவித்தது என்பதைப் பின்னர் காண்போம்.

1930களின் இறுதியில் எச்.டபிள்யூ. ரூபசிங்கவுடன் இணைந்து புத்தகயாவைப் பற்றிய பாடல் ஒன்றை இசைத்தட்டில் பாடினார் ருக்மணி தேவி. கிறிஸ்தவக் குடும்பத்தில் ராசம்மாவாகப் பிறந்து, ஓர் இந்து தேவியின் பெயரை மேடைப் பெயராகக் கொண்ட பெண்ணின் குரலில் பௌத்தப் பக்திப் பாடல் ஒன்று வீடுகள்தோறும் ஒலித்தது. அதை எவரும் முரண்பாடாகக் கருதவில்லை. குரலுக்கு மதம் கேட்கும் வழக்கம் அக்காலத்து இரசிகர்களிடம் இருக்கவில்லை.

அவருடைய மேடை வாழ்வின் மையம் மினர்வா நாடகக் குழு. நீர்கொழும்பைச் சேர்ந்த பி.ஏ.டபிள்யூ. ஜயமான்ன எழுதி இயக்கிய நாடகங்களை அக்குழு நடத்தியது. அவருடைய சகோதரர் எடி ஜயமான்ன அக்குழுவின் நகைச்சுவை நடிகர். ருக்மணி தேவி எடியை மணந்து நீர்கொழும்பின் மருமகளானார். மினர்வாவின் நாடகங்கள் அரசர் கதைகளை விட்டுக் குடும்பக் கதைகளை மேடைக்குக் கொண்டுவந்தன. செல்வந்தர் வீட்டுச் சூழ்ச்சி, ஏழைப் பெண்ணின் கண்ணீர், வேலைக்காரனின் கோமாளித்தனம், இடையிடையே பாட்டு என்பதே அவற்றின் அமைப்பு. படித்த வர்க்கம் முகம் சுளித்தது. சாதாரண மக்கள் திரண்டு வந்தனர். மேடை நாடகத்தில் பெண் நடிப்பதே குடும்பத்துக்கு இழுக்கு எனக் கருதப்பட்ட காலத்தில், திருமணத்துக்குப் பின்னரும் மேடையை விடாமல் நின்றவர் ருக்மணி தேவி என்பதை இங்கு குறிப்பிட வேண்டும்.

மினர்வாவின் புகழ்பெற்ற நாடகமே 'கடவுனு பொரொந்துவ'. அதைத் திரைப்படமாக்க முன்வந்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். இயக்குநர் ஜோதிஷ் சிங் ஒரு வங்காளி. படப்பிடிப்பு நடந்தது தென்னிந்தியாவில். கதையும் நடிகர்களும் நீர்கொழும்பு மேடையினுடையவை. சிங்கள சினிமாவின் பிறப்புச் சான்றிதழில் இத்தனை கைகளின் ஒப்பமும் இருக்கிறது. நாயகம் பின்னர் கந்தானையில் ஒரு படப்பிடிப்பு நிலையத்தையும் நிறுவினார். இந்நாட்டின் திரையரங்குத் தொழிலை வளர்த்தவர்களில் சிற்றம்பலம் கார்டினர் போன்ற தமிழர்கள் முன்வரிசையில் நின்றவர்கள்.

படம் வெளியானதும் மேடை நடிகையாக இருந்த ருக்மணி தேவி நாட்டின் நடிகையானார். 'கபடி ஆரக்ஷகயா' முதலான மினர்வாவின் அடுத்தடுத்த படங்கள் வந்தன. இலங்கை வானொலி அவருடைய குரலைத் தீவெங்கும் எடுத்துச் சென்றது. இலங்கையின் பாடும் குயில் என மக்கள் அவரை அழைத்தனர்.

இந்தப் புகழ் உயர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் பதுளையில் நடந்தது வேறு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. இந்நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தந்தையும் இங்கு பிறந்தவர் எனக் காட்ட வேண்டும் என்றது அச்சட்டம். பிறப்புப் பதிவு என்பதே பலருக்கு எட்டாதிருந்த லயன் அறைகளில் தந்தையின் பிறப்புச் சான்றிதழை எங்கே தேடுவது? ஏறத்தாழ 7 இலட்சம் மக்கள் ஒரு சட்டத்தின் வரிகளால் நாடற்றவர்களாயினர். 1949இல் வாக்காளர் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில், ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் சுப்பையாவைத் தெரிவுசெய்த பசறை, மடுல்சீமை, நமுனுகுலைத் தோட்டங்களின் மக்கள் வாக்களிப்போர் வரிசையில் நிற்க முடியவில்லை. அவ்வாண்டு இலங்கை இந்திய காங்கிரஸ் நடத்திய சத்தியாக்கிரகமும் அரசின் மனத்தை மாற்றவில்லை.

இறம்பொடையில் பிறந்த ஒரு மகளைத் தன் குயில் என்று கொண்டாடிய நாடு, அவர் பிறந்த மலைகளின் மக்களைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்டது. இதனை ருக்மணி தேவியின் குற்றமாகக் கருதுவது அறியாமை. ஒரு கலைஞர் தனக்குத் திறந்த கதவின் வழியே செல்கிறார். அந்தக் கதவு ஏன் ஒருவருக்கு மட்டும் திறந்தது என்ற கேள்வி கதவை வைத்திருந்தவர்களிடம் கேட்கப்பட வேண்டியது. அவர் பெற்ற அன்பு உண்மையானது. ஆனால் அந்த அன்பு, மொழியும் பெயரும் மாறிய பின்னர் கிடைத்த அன்பு. ராசம்மாவாகவே நின்று தமிழில் பாடியிருந்தால் அதே அன்பு கிடைத்திருக்குமா என்பதற்கு நாம் விடை கூற இயலாது. ஆனால் அக்கேள்வியைக் கேளாதிருக்கவும் இயலாது.

1956ஆம் ஆண்டு மற்றொரு திருப்பம். அவ்வாண்டு தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதே ஆண்டு லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' சிங்கள சினிமாவைத் தென்னிந்தியப் படப்பிடிப்பு நிலையங்களிலிருந்து கிராமத்து வெளிக்குக் கொண்டுவந்தது. நவம்பரில் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' அரங்கேறி, சிங்கள நாடகத்தின் போக்கையே மாற்றியது. மினர்வாவின் மிகை நடிப்பும் இரவல் மெட்டுகளும் பழமைக்கு உரியனவாயின. விமர்சகர்கள் அவற்றை இந்திய நகல் என ஒதுக்கினர். கலைத் தரம் பற்றிய அவர்களுடைய தீர்ப்பில் நியாயம் உண்டு. ஆனால் 'மனமே' தன் வடிவத்தைப் பெற்றது நாடகம எனும் மரபிலிருந்து. அந்த மரபோ கரையோரக் கத்தோலிக்கர் வழியே தமிழ் நாட்டுக்கூத்திலிருந்து கிளைத்தது. இந்தியச் சாயலை நீக்கித் தூய சுதேசியத்தைத் தேடிச் சென்றவர்கள் கண்டெடுத்த புதையலிலும் தமிழின் கைரேகை இருந்தது. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலான கூத்துகளை நகர மேடைக்குக் கொண்டுவந்தபோது, சரச்சந்திரவின் முயற்சி அவருக்கு ஊக்கமாக அமைந்தது. சட்டமன்றத்தில் பிரிந்த இரு மொழிகள் மேடையில் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கிக்கொண்டே இருந்தன.

புதிய அலையில் ருக்மணி தேவி மறைந்துவிடவில்லை. கதாநாயகி வேடங்கள் குறைந்தன. தாய் வேடங்களும் துணை வேடங்களும் வந்தன. மேடையில் வளர்ந்த நடிகை மேடைக்கே திரும்பினார். இம்முறை நாடக மேடைக்கன்று, இசை நிகழ்ச்சி மேடைக்கு. 1970களில் கிளாரன்ஸ் விஜேவர்தன போன்ற இளந்தலைமுறை இசையமைப்பாளரின் இசையிலும் பாடினார். தம்மைவிட ஒரு தலைமுறை இளையவர்களின் வாத்தியக் குழுவோடு நின்று பாடி, அவர்களுடைய இரசிகர்களையும் தமதாக்கிக்கொண்டார். ஓய்வூதியமோ நிரந்தர வருமானமோ இல்லாத கலைஞர்களுக்கு ஓய்வு என்பது இல்லை. அந்த வகையில் அவருடைய இறுதி ஆண்டுகள் நம் நாட்டுக் கலைஞர் பலரின் இறுதி ஆண்டுகளைப் போன்றவையே.

1978ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதி, மாத்தறையில் ஓர் இசை நிகழ்ச்சியில் பாடிவிட்டு நீர்கொழும்புக்குத் திரும்பும் வழியில், துடெல்லவில் அவர் பயணம் செய்த வாகனம் விபத்துக்குள்ளானது. வீட்டை நெருங்கும் வேளையில், 55ஆவது வயதில் உயிர் பிரிந்தது. இறுதிச் சடங்கில் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், கத்தோலிக்கர், பௌத்தர் என்ற வேறுபாடின்றி அழுதனர்.

அந்தக் கண்ணீருக்கு ஓராண்டுக்கு முன்னர்தான், 1977 ஆகஸ்டில், மலையகத் தோட்டங்களில் லயன்கள் எரிந்தன. பிறந்த மண்ணை விட்டு மக்கள் வடக்கே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டிருந்தது. பதுளைப் புகையிரத நிலையத்தில் ஏறி, தலைமன்னாரில் கப்பலேறியவர்களின் ஓலம் அந்த ஆண்டுகளில் ஓயவில்லை. 1983 ஜூலையில் சிங்கள சினிமாவுக்காக உழைத்த தமிழர்களும் தப்பவில்லை. கே. குணரத்தினத்தின் ஹெந்தளைப் படப்பிடிப்பு நிலையம் எரிக்கப்பட்டது. இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். ருக்மணி தேவி அதைக் காண இருக்கவில்லை.

இந்த வாழ்க்கையிலிருந்து மலையகம் பெறக்கூடியது என்ன? கொழும்பின் மேடை மினர்வாவுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தபோது, ஊவாவின் தோட்டங்களிலும் மேடைகள் இருந்தன. மாசி மாதத்தில் காமன் பொட்டலில் கம்பம் நட்டு, இரவிரவாகக் காமன் கூத்து ஆடினர். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் நடந்தன. பகலில் கவ்வாத்து வெட்டிய கை இரவில் மன்மதனின் வில்லை ஏந்தியது. ரதியின் வேடத்தை ஆணே கட்டினான். எரிந்துபோன காமனுக்காக ரதி அழும்போது தோட்டமே அழுதது. அந்தக் கலைஞர்களுள் ஒரு ருக்மணி தேவி இருந்திருக்கலாம். அவர்களுடைய குரலைப் பதிய எந்த இசைத்தட்டு நிறுவனமும் மலையேறி வரவில்லை. அவர்களுடைய பெயரை எழுதி வைக்க எந்தப் பத்திரிகையும் அன்று முன்வரவில்லை. அந்தக் குறையில் நம்முடைய தொழிலுக்கும் பங்குண்டு.

நாடற்றவர் பிரச்சினைக்குச் சட்ட அளவில் 2003ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் பெருமளவு முடிவு கண்டது. 55 ஆண்டுகள் தாமதித்து வாக்குறுதி ஒன்று நிறைவேறியது எனலாம். ஆனால் ஒரு மக்கள் கூட்டம் நாட்டுக்கு உரியதாவது அடையாள அட்டையால் மட்டும் அன்று. அதன் பாட்டும் கூத்தும் நாட்டின் பாட்டும் கூத்துமாகக் கருதப்படும்போதே அந்த உரிமை முழுமை பெறுகிறது. பதுளையில் ஒரு சிங்கள மாணவன் காமன் கூத்தைத் தன் மாகாணத்தின் கலையாக அறிய வேண்டும். அதே பதுளையில் ஒரு தமிழ் மாணவி, சிங்கள மேடையின் முதல் நட்சத்திரம் தன்னைப் போல் மலையில் பிறந்த ராசம்மா என்பதை அறிய வேண்டும். இவ்விரண்டையும் கற்பிக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. மாகாணக் கல்வித் திணைக்களமும் கலாசாரத் திணைக்களமும் மனம் வைத்தால் போதும்.

ருக்மணி தேவிக்குச் சிங்கள மக்கள் கொடுத்த இடம், இந்நாட்டால் அது முடியும் என்பதற்குச் சான்று. ஒருவருக்கு முடிந்தது ஓர் இனத்துக்கு ஏன் முடியாமற் போயிற்று என்பதே அவருடைய வாழ்வு விட்டுச்சென்ற கேள்வி. பெயரை மாற்றிக்கொள்ளாமல், மொழியைக் கைவிடாமல், ஒரு ராசம்மா நமுனுகுலையின் அடிவாரத்திலிருந்து இறங்கிவந்து இந்நாட்டின் எந்த மேடையிலும் ஏறிப் பாடி, அதே கைதட்டலைப் பெறும் நாளில் அதற்கு விடை கிடைத்திருக்கும்.